மூவலூர் அம்மையார்

(உத்திரமேரூரை அடுத்த கிராமம் ஒன்றில் கூடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய தினம் நாம் இவ்விடம் கூடியிருப்பது காலஞ்சென்ற மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அவர்களைப் பற்றி நாலு வார்த்தை பேசுவதற்காகவேயாகும். நினைவுக் கூட்டமென்றால் படத்திற்கு மாலை போட்டு, சூடம் கொளுத்தி, "அம்மா தெய்வமாய் விட்டாள்" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக் கொண்டு கலைந்து போவது நம் நாட்டு வழக்கமாயிருந்து வருகிறது. நாம் அதற்காக இங்கு வரவில்லை. அம்மையாரைத் தெய்வமாக்குவது நமது உத்தேசமல்ல. அவரை ஒரு மனுஷியாக, நம் வீட்டுத் தாயாராக, பாட்டியாராகப் பார்த்துப் பேசுவதே நமது உத்தேசம். ஏனென்றால் தெய்வமாக்கப்பட்டவரைக் கும்பிடலாமே ஒழிய, அவர் செய்ததை நாமும் செய்ய வேண்டுமென்ற எண்ணம் யாருக்கும் தோன்றுவதில்லை. "அவள் தெய்வம், நாம் மனிதர்" என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளுவதற்கு அதை விடச் சுலபமான வழி வேறு கிடையாது.

குடவோலைப் பெருமை

தோழர்களே! இந்த உத்திரமேரூரைப் பற்றி உலகமெல்லாம் பேசுகிறார்கள். ஆயிரம் வருஷத்திற்கு முன்பே ஓட்டுப் போட்ட ஊர் என்கிறார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், கோயில் சுவரிலே வெட்டி வைத்த கல்வெட்டு இன்றும் இருக்கிறது. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, தகுதியுள்ளவர்கள் பேரை ஓலையில் எழுதி, குடத்திலே போட்டு, எல்லோரும் பார்க்கக் குலுக்கி, ஒன்றுமறியாத ஒரு சிறு பையனை விட்டு எடுக்கச் சொல்லி, ஏரி வாரியத்திற்கும் தோட்ட வாரியத்திற்கும் ஆள் தேர்ந்தார்கள். ஓலையை வாங்குகிறவன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டுமாம். மோசடி நடக்கக் கூடாதல்லவா? கணக்குக் காட்டாதவன் மறுபடியும் வரக் கூடாது, அவன் உறவின் முறையாரும் வரக் கூடாது என்றும் விதித்தார்கள். இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான். இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை.

ஆனால், அந்தக் குடத்திற்குள் யார் பேர் விழுந்தது? கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலமிருக்க வேண்டும்; சொந்த மனையில் வீடிருக்க வேண்டும்; 35-க்கு மேல் 70-க்குள் வயதிருக்க வேண்டும்; வேதம் ஓதத் தெரிந்திருக்க வேண்டும். சதுர்வேதி மங்கலத்துச் சபைக்காக எழுதிய சட்டமல்லவா அது? உழுதவன் பேர் குடத்தில் விழவில்லை. ஏரிக்கு மண் சுமந்தவன் பேர் விழவில்லை. நாற்று நட்ட பெண்ணின் பேர் விழுவதற்கு வழியே இல்லை. ஏரி வாரியத்தில் ஆறு பேர் உட்கார்ந்தார்கள். ஏரித் தண்ணீரை நாள் தவறாமல் குடத்தில் தூக்கினவள் நம் பாட்டிதான். குடம் அவள் இடுப்பிலேயே இருந்தது. அவள் பேர் மட்டும் அந்தக் குடத்திற்குள் போகவில்லை! இதை யோசித்துக் கொண்டே இனி நாம் சொல்லப் போவதைக் கேட்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம்.

10 ரூபாயும் ஒரு பழம் புடவையும்

அம்மையார் 1883-ம் வருஷம் தஞ்சை ஜில்லாவில், இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்த ஊர் மாயவரத்திற்குப் பக்கத்திலுள்ள மூவலூர். குடும்பத்தைத் தாங்க முடியாமல் தகப்பனார் சென்னைக்குப் போய் விட்டார். தாயார், ஐந்து வயதுக் குழந்தையை ஆச்சிக்கண்ணு என்கிற ஒரு தேவதாசியிடம் ஒப்படைத்து, 10 ரூபாயும் ஒரு பழம் புடவையும் வாங்கிக் கொண்டு, தாமும் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரு குழந்தையின் விலை அவ்வளவுதான்.

"பெற்ற தாயே இப்படிச் செய்வாளா?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். தாயைத் தெய்வமென்று சொல்லுகிற நாட்டில்தான் இது நடந்தது. தாயைத் தெய்வமென்று சொன்னவர்கள் எவரும் அந்தத் தாய்க்கு ஒரு வேளைக் கஞ்சி ஊற்றவில்லை. கையில் காசில்லை, நிலமில்லை, புருஷன் ஊரில் இல்லை, சொந்த ஜாதியில் பெண்ணுக்கு விதித்திருந்த வழியோ அது ஒன்றுதான். ஆகவே அந்தத் தாயின் மேல் குற்றம் சுமத்தி விட்டு வழக்கத்தின் மேலுள்ள குற்றத்தை மறந்து விடக் கூடாதென்பது நமது அபிப்பிராயம்.

வாங்கினவளுக்கு அந்தக் குழந்தை எதற்கு என்பதையும் தெரிந்து கொள்ள வேண்டும். கோயிலில் பொட்டுக் கட்டிக் கொண்ட பெண்ணுக்கு மானியம் உண்டு. அவளுக்குப் பின் கோயில் ஊழியத்திற்கு ஒரு பெண் இருந்தால்தான் அந்த மானியம் வீட்டில் நிற்கும். பெண் வாரிசு இல்லையேல் நிலமும் போய் விடும். வயதான காலத்தில் சோற்றுக்கும் வழியில்லை. ஆகையால் பெண் பிறக்காத வீட்டில் ஏழை வீட்டுப் பெண்ணைச் சுவீகாரமென்ற பேரால் விலைக்கு வாங்குவார்கள். இப்படியாக ஒரு ஏழைத் தாய் விற்க, இன்னொரு கதியற்றவள் வாங்க, நடுவிலே ஒரு குழந்தையின் ஆயுள் முழுவதும் அடமானமாய்ப் போய் விடும். அனுபவித்தவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் பேர் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. வெளியில் அவர்கள் பெரிய மனிதர்கள், தர்மகர்த்தாக்கள்!

தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜ சோழன் 400 பெண்களைக் குடியேற்றி, ஒவ்வொருவர் பேரையும் வீட்டையும் கல்லிலே வெட்டி வைத்தான். "பார்த்தீர்களா, பெண்களின் பேரைக் கல்லில் வெட்டினார்களே" என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. அந்த 400 பேரில் எவரையாவது, "உனக்கு இதில் சம்மதமா?" என்று கேட்டதாக அந்தக் கல்லில் ஒரு வரி உண்டா?

தாமே முடித்த கலியாணம்

குழந்தைக்குப் பாட்டும் பரதமும் சொல்லிக் கொடுத்தார்கள். பெண் கெட்டிக்காரியாக வளர்ந்தது. 17 வயதானதும் 65 வயதுக் கிழவர் ஒருவருக்குக் கட்டி வைக்க ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பெண் முடியாதென்றது. தமக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த சுயம்பு பிள்ளை என்பவரைத் தாமே தேர்ந்து, நெய் விளக்கேற்றி, அதன் முன்னால் இருவரும் ஒருவரை யொருவர் ஏற்றுக் கொண்டார்கள். இது சுயமரியாதைக் கலியாணமென்ற பேச்சே இந்நாட்டில் பிறப்பதற்கு வெகு காலம் முந்தி நடந்தது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

ஊர் சும்மா இருக்குமா? சுயம்பு பிள்ளை ஒரு பெண்ணைக் கொன்று விட்டாரென்று வழக்குக் கட்டினார்கள். கடைசியில் கொலையுண்டதாகச் சொல்லப்பட்ட அந்தப் பெண் உயிரோடு வந்து நின்றாள்! வழக்குப் பொய்யென்று தீர்ந்தது. ஒரு பெண் தன் புருஷனைத் தானே தேர்ந்து கொண்டதற்காக, ஒருவரைத் தூக்குக் கயிறு வரையில் கொண்டு போகவும் தயங்காத ஊர் அது.

வெளியில் வந்தார்

வேறொருவராயிருந்தால், "நாம் தப்பித்துக் கொண்டோம், இனிக் குடும்பத்தைப் பார்ப்போம்" என்று இருந்திருப்பார். மகனைப் பெற்று, வளர்த்து, குடும்பத்தையும் பார்த்துக் கொண்டு, அதோடு நில்லாமல் அம்மையார் தெருவிற்கு வந்தார். தம்மைப்போல் விற்கப்பட்ட மற்றக் குழந்தைகளின் கதி என்ன என்று கேட்டார். அவருடைய தாய்மைக் குணம் இங்கேதான் விளங்குகிறது. தன் வயிற்றில் பிறந்ததற்கு மட்டும் சோறு போடுவது காக்கையும் குருவியும் கூடச் செய்கிற காரியம். ஊரார் வீட்டுப் பெண்ணும் தன் பெண்தான் என்று நினைப்பதற்கு மனித அறிவு வேண்டும்.

முதலில் காங்கிரஸில் சேர்ந்து ஊரூராய்க் கதர்ப் பிரசாரம் செய்தார். 1923-ல் காக்கிநாடா காங்கிரஸுக்குப் போனபோது, கொடி பிடிக்கக் கூடாதென்று தடை இருந்ததாம். அம்மையார் கொடிகளையே புடவையாகச் சேர்த்து உடுத்திக் கொண்டு போய் நின்றார்! கொடியைப் பிடுங்கலாம், ஒரு பெண் உடுத்தியிருக்கும் புடவையை எந்தப் போலீஸ்காரன் பிடுங்குவான்? அவரது கற்பனைக்கு இது ஒன்றே போதும்.

1925-ல் நம் காஞ்சீபுரத்தில் நடந்த காங்கிரஸ் மகாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்திற்கு இடம் கொடுக்கவில்லை என்று பெரியார் வெளியேறினார். அம்மையாரும் அவர் வழியே வந்து விட்டார். காஞ்சீபுரம் நமக்குக் கூப்பிடு தூரம். ஆகையால் அம்மையாரின் வாழ்க்கை திரும்பிய முச்சந்தி நமது வட்டாரத்திலேயே இருக்கிறதென்று நாம் சொல்லிக் கொள்ளலாம்.

பொட்டறுப்பு

அதன் பின் அவருடைய முக்கிய வேலையெல்லாம் பொட்டுக் கட்டுவதை ஒழிப்பதுதான். இசை வேளாளர் மகாநாடுகளைக் கூட்டினார். வீடு வீடாகப் போய், "பெண்ணைப் பொட்டுக் கட்டாதே, கலியாணம் செய்து கொடு" என்று பேசினார். எதிர்ப்பு யாரிடமிருந்து வந்தது? ஆண்டு அனுபவித்த மைனர்களிடமிருந்து வந்தது, அதில் ஆச்சரியமில்லை. ஆனால், அந்தச் சமூகத்துப் பெண்களிலேயே பலரும் எதிர்த்தார்கள். "எங்கள் நிலம் போய் விடும், எங்கள் கலை போய் விடும்" என்றார்கள். அவர்களை வைய நமக்கு மனம் வரவில்லை. வேறு சோற்றுக்கு வழி காட்டாமல் இருக்கிற சோற்றைப் பிடுங்கினால் யார்தான் சம்மதிப்பார்கள்?

ஒரு கூட்டத்தில் எதிரிகள் அம்மையாரின் நீண்ட கூந்தலை அறுத்து விட்டார்கள். ஒரு பெண்ணை மானபங்கப்படுத்த அதுவே வழியென்று நினைத்தார்கள் போலும். அம்மையார் என்ன செய்தார்? அழுது கொண்டு வீட்டிற்குள் போகவில்லை. கூந்தலை மறுபடி வளர்க்கவுமில்லை. கிராப்புத் தலையோடேயே மேடையேறினார். பெண்ணின் மானம் மயிரில் இல்லையென்று ஆயிரம் பிரசங்கம் செய்வதை விட, இது பலமான பிரசங்கமல்லவா?

சட்டசபையில் இதே வேலையை டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் செய்தார். அவருடைய தாயாரும் அந்த வகுப்பிலிருந்து வந்தவரே. 1929-ல் வந்த சட்டம், மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்து அந்தப் பெண்களுக்கே சொந்தமாக்க வழி செய்தது. சங்கதியின் முடிச்சே நிலத்தில்தான் இருந்தது என்பது இதிலிருந்து விளங்கும். பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் நிறைவேறிற்று. ஒருவர் உள்ளே இருந்து சட்டத்தை இழுத்தார். ஒருவர் வெளியே இருந்து ஜனங்களின் மனதை இழுத்தார். இரண்டும் சேர்ந்துதான் அந்தத் தேர் நிலையை விட்டு நகர்ந்தது.

எழுதிய கை

தோழர்களே! பள்ளிக்கூடப் படிப்பென்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லாத அந்த அம்மையார், 1936-ல் ஒரு நாவல் எழுதி வெளியிட்டார். பேர் "தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்". மைனர்கள் எப்படி வலையில் விழுகிறார்கள், சொத்து எப்படிக் கரைகிறது, வீட்டுப் பெண்கள் படும் பாடு என்ன, அதிலிருந்து மீள வழி என்ன என்பதையெல்லாம் கதையாக எழுதினார். அந்த வாழ்க்கையை வெளியிலிருந்து பார்த்து ரசித்தவர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். உள்ளே கிடந்து தவித்தவர் எழுதியது இது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. புத்தகத்தின் பேரில் "தாசிகள் மோசவலை" என்றிருப்பதைப் பார்த்து, மோசமெல்லாம் அந்தப் பெண்களிடமே இருப்பதாக எவரும் நினைத்து விடக் கூடாது. வலை வீசினவர்கள் கையைப் பார்க்கிறோம். வலையை முடைந்தவர்கள் யார்? 10 ரூபாய்க்குக் குழந்தையை விற்க வைத்த வறுமையும், அதற்குச் சாமி பேரைச் சொன்ன சாஸ்திரமும், மானியத்தைக் காட்டிய பெரிய மனிதர்களுமே அதை முடைந்தவர்கள். தாமே அந்த வலையில் கிடந்து அறுத்துக் கொண்டு வந்த அம்மையாருக்கு இது தெரியாததல்ல.

55 வயதில் நடை

1938-ல் பள்ளிக்கூடங்களில் இந்தி கட்டாயமென்ற போது, திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு படை கால்நடையாகப் புறப்பட்டது. ஆகஸ்டு 1-ந் தேதி கிளம்பி, செப்டம்பர் 11-ந் தேதி சென்னை சேர்ந்தது. 42 நாள் நடை. சுமார் 100 ஆண்கள். கூட ஒரே ஒரு பெண். அவர்தான் இராமாமிர்தம் அம்மையார். வயது 55. நம் வீட்டில் 55 வயதுப் பெண்மணியைப் பார்த்து, "பாட்டி, நீ திண்ணையில் உட்கார்" என்று சொல்லுகிறோம். அந்தப் பாட்டி வாலிபர்களோடு சேர்ந்து ஊர் ஊராய் நடந்து வந்தார்.

அதோடு முடியவில்லை. அவ்வருஷம் நவம்பரில் சென்னையில் பெண்கள் மகாநாடு கூடிற்று. மறு நாளே பெண்கள் மறியலுக்குப் புறப்பட்டார்கள். டாக்டர் தர்மாம்பாள், அவருடைய மருமகள் சீதம்மாள், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள் ஆகியவர்களோடு நம் அம்மையாரும் சிறை சென்றார். சீதம்மாள் தம் சிறு குழந்தைகளையும் தூக்கிக் கொண்டு போனார். மாமியார், மருமகள், பேரக் குழந்தைகள் என்று ஒரு குடும்பம் சேர்ந்து கோயிலுக்குப் போவதைப் பார்த்திருக்கிறோம். சேர்ந்து ஜெயிலுக்குப் போனதை அன்றைக்குத்தான் நாடு பார்த்தது!

1949-ல் இயக்கம் பிரிந்தபோது அம்மையார் அண்ணா அவர்களுடன் போனார். 1956-ல் அண்ணா அவருக்கு விருதளித்துப் பாராட்டினார். 1962-ம் வருஷம் ஜூன் 27-ந் தேதி அம்மையார் காலமானார்.

பேர் வைத்த திட்டம்

செத்த பிறகு பேர் வைப்பது நமக்குப் பழக்கமானதுதான். 1989-ல் சர்க்கார் ஏழைப் பெண்களின் கலியாணத்திற்குப் பண உதவி செய்யும் திட்டத்திற்கு அம்மையார் பேரை வைத்தது. பெண் எட்டாவது வகுப்பு வரை படித்திருக்க வேண்டுமென்று நிபந்தனை போட்டது நல்ல யோசனை. உதவி வேண்டுமென்பதற்காகவாவது பெண்ணைப் படிக்க வைப்பார்களல்லவா? பின்னால் அந்த உதவியோடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்து கொண்டது. பொட்டை அறுத்தவர் பேரால் தாலிக்குத் தங்கம்! வேடிக்கைதான். 2022-ல் அதை மாற்றி, சர்க்கார் பள்ளியில் படித்த பெண்கள் காலேஜில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். நம்மைக் கேட்டால், அம்மையாரின் பேருக்கு இதுவே பொருத்தமானது. ஐந்து வயதில் 10 ரூபாய்க்கு விற்கப்பட்ட ஒரு பெண்ணின் பேரால், வேறு பெண்கள் படிப்பதற்குப் பணம் வாங்குகிறார்களென்றால், இதை விடச் சிறந்த திவசம் வேறென்ன வேண்டும்?

நம் வீட்டுப் பாட்டிமார்

நிற்க. அம்மையாரைப் பற்றிப் பேசி விட்டுக் கைதட்டிப் போவதற்கு இந்தக் கூட்டம் வேண்டியதில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் தோழர்களை ஒன்று கேட்கிறோம். உங்கள் தாயாரின் தாயார் பேர் என்ன? தெரியும் என்பீர்கள். அவருடைய தாயார் பேர்? எத்தனை பேர் சொல்லுவீர்கள்? பிரதி வருஷமும் பிண்டம் வைக்கிறோம். காக்கைக்குச் சோறு போடுகிறோம். பேர் தெரியவில்லை!

இந்த வட்டாரத்தில் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சிகள் எத்தனை பேர்? குழந்தை தூங்க ஒரு பாட்டு, செத்தவர் முன்னால் ஒரு பாட்டு என்று அந்தந்த நேரத்தில் இட்டுக் கட்டிப் பாடிய பாட்டிமார் எத்தனை பேர்? அவர்கள் கவிகளல்லவா? கோயிலில் பாடியவனுக்குப் பேருண்டு, சிலையுண்டு; தொட்டிலடியில் பாடியவளுக்கு என்ன உண்டு? காஞ்சீபுரத்துப் பட்டு என்று உலகமெல்லாம் விலை போகிறது. தறியில் உட்கார்ந்தவனை நெசவாளி என்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் தார் சுற்றிக் கொடுத்தவளை "வீட்டில் சும்மா இருக்கிறாள்" என்கிறோம். இது நியாயமா?

குடவோலைக் கதைக்கே திரும்பி வருவோம். அந்தக் குடம் இப்போது திறந்து விட்டது. 1994-ம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஸ்தானம் ஒதுக்கினார்கள், 2016-ல் பாதியாக்கினார்கள். ஆயிரம் வருஷத்திற்குப் பின் பெண் பேர் குடத்தில் விழுந்து விட்டது. ஆனால் எத்தனை ஊரில் தலைவி கையெழுத்தை மட்டும் போட, புருஷன் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறான் என்பது உங்களுக்குத் தெரியாததா? கல்வெட்டு எழுதியவன் பெண்ணின் பேரைக் குடத்தில் போடவில்லை. நாமோ பேரைப் போட்டு விட்டு ஆளை வெளியே நிறுத்துகிறோம். இரண்டிற்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே, இக்கூட்டத்திலிருந்து வீட்டிற்குப் போனவுடன் இரண்டு காரியம் செய்ய வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம். ஒன்று, வீட்டிலுள்ள கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய பேரையும், அவர் தாய், பாட்டி பேரையும், அவர்கள் செய்த வேலையையும், பாடிய பாட்டையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர் காலமான பிறகு படத்திற்குப் போடும் மாலையை விட, இன்று அவரிடம் கேட்கும் ஒரு கேள்வி மேலானது. இரண்டு, வீட்டிலுள்ள பெண் குழந்தையின் படிப்பை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். காசில்லையென்று நிறுத்துகிறவனும், கலியாணமென்று நிறுத்துகிறவனும் அந்தப் பழைய 10 ரூபாய்ப் பேரத்தையே வேறு வேஷத்தில் நடத்துகிறவர்கள்தான்.

தாய்மார்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களைத் தெய்வமென்று எவனாவது புகழ்ந்தால் உடனே சந்தோஷப்பட்டு விடாதீர்கள். "அப்படியானால் வீட்டுப் பத்திரத்தில் என் பேர் எங்கே? பஞ்சாயத்து நாற்காலியில் நான் எங்கே?" என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்ததால்தான் மூவலூரில் விலைக்கு வாங்கப்பட்ட ஒரு குழந்தை, நமக்கெல்லாம் பாட்டியாராயிற்று.